நிகழ்தகவில் பூஜ்யம் என்கிறார்கள். மகளைக் கோடை வகுப்பில் சேர்க்கவா?

கேள்வி: என் மகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 8-ஆம் வகுப்பு முடித்திருக்கிறாள். மற்ற கணக்குகள் ஓரளவு வருகின்றன. புள்ளியியல் என்றால் மட்டும் குழம்பிப்போகிறாள். எங்கள் ஊரில் ஒரு பயிற்சி மையம் இலவசத் தேர்வு வைத்தது. நிகழ்தகவில் ஐந்துக்கு பூஜ்யம் எடுத்திருக்கிறாள், அடித்தளமே இல்லை, இப்போது விட்டால் பத்தாம் வகுப்பில் தவிப்பாள் என்கிறார்கள். கட்டணம் 16,000 ரூபாய், முன்பணம் 2,000. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டிலேயே இந்தப் பாடங்களைத் திருப்பிப் பார்க்க வழி உண்டா?
ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதில்: அம்மா, முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றவற்றைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மகள் படிக்கும் பாடத்திட்டத்தில் நிகழ்தகவு, அதாவது ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவது, தனிப் பாடமாக வருவதே 9-ஆம் வகுப்பில்தான். அந்தப் புத்தகத்தில் அது கடைசிப் பாடம், ஒன்பதாவது. அதற்கு முந்தையது புள்ளியியல். 8-ஆம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் இன்னும் நடத்தாத பாடத்தில் ஐந்து கேள்விகள் கேட்டுவிட்டு, பூஜ்யம் வாங்கியதாகச் சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்துகிறார்கள். இந்த இலவசத் தேர்வுகளை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடிக்க யாரும் அவற்றை நடத்துவதில்லை. தெரியாததைக் காட்டிச் சேர்க்கை பிடிப்பதற்காக நடத்துகிறார்கள். பள்ளி வாசலில் துண்டறிக்கை கொடுத்துவிட்டு உங்கள் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்கிற ஆளுக்கு, சேர்த்துவிடும் ஒவ்வொரு தலைக்கும் கமிஷன் உண்டு. அவரிடம் பிள்ளையின் படிப்பைப் பற்றி ஆலோசனை கேட்காதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்த மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அது சட்டம் அல்ல, நெறிமுறை மட்டுமே; மாநிலங்கள் எடுத்து நடைமுறைப்படுத்தினால்தான் அதற்கு உயிர். 13 வயதுப் பிள்ளைகளை இன்றும் தடையில்லாமல் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆளில்லை.

இனி பாடத்துக்கு வருவோம்.

உங்கள் மகள் திருப்பிப் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். 7-ஆம் வகுப்பில் படித்த சராசரி, இடைநிலை அளவு, முகடு. 8-ஆம் வகுப்பில் படித்த வட்ட விளக்கப்படம், நிகழ்வுச் செவ்வகம், நிகழ்வுப் பலகோணம். பழைய புத்தகங்கள் கையில் இல்லாவிட்டால் பாடநூல் கழகத்தின் வலைத்தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வேறு வழிகாட்டி நூல் எதையும் வாங்க வேண்டாம்.

முதலில் உங்கள் தையல் கணக்கு நோட்டை எடுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகள் நாள்வாரியாக 4, 5, 3, 4, 6, 4, கடைசி நாள் இரவெல்லாம் உட்கார்ந்து 30. கூட்டினால் 56, ஏழால் வகுத்தால் சராசரி 8. இப்போது மகளிடம் கேளுங்கள்: "நான் எந்த நாளில் எட்டு ஜாக்கெட் தைத்தேன்?" ஒரு நாளும் இல்லை. ஏழு நாளில் ஆறு நாள் ஆறுக்கு மேல் போகவே இல்லை. அந்த ஒரு முப்பது வந்து சராசரியை மேலே இழுத்துவிட்டது.

அதே எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதச் சொல்லுங்கள்: 3, 4, 4, 4, 5, 6, 30. நடுவில் நிற்பது 4, அதுதான் இடைநிலை அளவு. அதிகத் தடவை வந்ததும் 4, அதுதான் முகடு. அடுத்த வாரத்துக்கு எத்தனை ஜாக்கெட் ஒப்புக்கொள்ளலாம் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டுமானால் எந்த எண்ணை நம்புவீர்கள்? மொத்தம் எவ்வளவு நூல் செலவாகும் என்று பார்க்க எந்த எண் உதவும்? முதல் கேள்விக்கு 4, இரண்டாவதற்கு 8. இவ்வளவு புரிந்துவிட்டால் அந்தப் பாடத்தில் பாதி முடிந்தது. நம் வினாத்தாள்களோ 'சராசரி காண்க', 'முகடு காண்க' என்று மட்டுமே கேட்கின்றன. எதற்கு எந்த அளவு பொருந்தும் என்று கேட்பது அரிது. கேட்காததை நடத்த மாட்டார்கள், நடத்தாததைப் பிள்ளை யோசிக்காது. இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இடைநிலை அளவில் தவறு நடப்பது ஒரே இடத்தில்: வரிசைப்படுத்தாமலே நடு எண்ணை எடுத்துவிடுவார்கள். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் இருக்கும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு எண்ணும் எத்தனை தடவை வந்தது என்று காட்டும் நிகழ்வெண் பட்டியலில்தான் மதிப்பெண்கள் கொத்தாகப் போகும். 4 மதிப்பெண் எடுத்தவர்கள் இரண்டு பேர், 5 எடுத்தவர்கள் ஆறு பேர், 8 எடுத்தவர்கள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிக் கூட்டினால் 8, 30, 16 சேர்ந்து 54. பட்டியலில் மூன்று வரி இருக்கிறதே என்று பிள்ளை மூன்றால் வகுத்து 18 என்று எழுதிவிடும். பத்துப் பேர் இருப்பதால் பத்தால் வகுக்க வேண்டும், சராசரி 5.4. ஒருவர்கூட 8-க்கு மேல் வாங்காதபோது சராசரி 18 எப்படி வரும் என்று நிதானித்தால் தவறு அங்கேயே பிடிபட்டுவிடும். விடை எழுதியதும், அது மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை மட்டும் ஏற்படுத்திவிடுங்கள்.

படங்களுக்கு அதிக நேரம் வேண்டாம். வட்ட விளக்கப்படத்தில் எல்லாக் கோணங்களும் சேர்ந்து 360 பாகை வர வேண்டும். நிகழ்வுச் செவ்வகத்தில் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. 10-20, 20-30 என்று பிரிவுகள் இருந்தால் 20 என்ற எண் இரண்டாவது பிரிவில்தான் சேரும்.

நிகழ்தகவை இனிதான் படிக்கப் போகிறாள். இருந்தாலும் பயம் வந்துவிட்ட பிள்ளை என்பதால் கொஞ்சம் முன்கூட்டியே கையில் தொட்டுப் பார்க்கட்டும். வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதா? ஒவ்வொரு கட்டையிலும் ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை ஏழு விதமாக வரலாம். (இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்று எண்ணுவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) தாயம், அதாவது 1, விழ வாய்ப்பு எவ்வளவு? ஏழில் ஒன்று என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். தவறு. முதல் கட்டைக்கு நான்கு முகம், இரண்டாவதற்கு நான்கு முகம், ஆக 16 வழிகள். தாயம் விழ 0-1, 1-0 என்று இரண்டே வழி. 16-இல் 2, அதாவது எட்டில் ஒன்று. மூன்று விழ 0-3, 3-0, 1-2, 2-1 என்று நான்கு வழிகள், நான்கில் ஒன்று. மூன்று அடிக்கடி விழுந்து தாயம் இழுத்தடிப்பது ஏன் என்று அவளுக்கே தெரிந்துவிடும். 16 கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றைப் போட்டு அவளையே நிரப்பச் சொல்லுங்கள். புத்தகம் 'கூறுவெளி' என்று சொல்லப்போவது அந்தச் சதுரத்தைத்தான்.

இதில் தடுக்கி விழுவதற்கு வெட்கப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். டாலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1754-இல் இதே பள்ளத்தில் விழுந்தார். காசை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு எவ்வளவு என்பது கேள்வி. முதலிலேயே தலை, பூவுக்குப் பிறகு தலை, இரண்டும் பூ என்று மூன்று வகை எண்ணி, மூன்றில் இரண்டு என்றார். சரியான விடை நான்கில் மூன்று. அவர் எண்ணிய மூன்று வகைகளுக்கும் வாய்ப்பு சமமாக இல்லை.

அந்தச் சமம் என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். சாதகமான வழிகளை மொத்த வழிகளால் வகுப்பது எல்லா வழிகளுக்கும் சம வாய்ப்பு இருந்தால் மட்டுமே செல்லும். சூத்திர அட்டை விற்பவர்கள் இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். பல வகுப்பறைகளிலும் இதை ஒரு மூச்சில் வாசித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். காசுக்கும் பகடைக்கும் அது சரிதான். சோழிக்கு? சோழியும் மல்லாந்து விழும் அல்லது குப்புற விழும், இரண்டே வழி. அதனால் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிடலாமா? கூடாது. சோழிக்கு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் வாய். எந்தப் பக்கம் அதிகமாக விழும் என்பதைச் சூத்திரம் சொல்லாது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பக்கம் உரசிய புளியங்கொட்டைக்கும் இதே கதைதான். நாளைக்கு மழை பெய்யும் அல்லது பெய்யாது, ஆக ஐம்பது சதவீதம் என்று சொல்கிற பெரியவர்களும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். வழிகள் இரண்டு என்பதாலேயே வாய்ப்பு பாதி ஆகிவிடாது. இது பிடிபட்டுவிட்டால் பத்தாம் வகுப்பு நிகழ்தகவு வரைக்கும் அவள் அஞ்ச வேண்டியதில்லை.

எனவே ஆறு சோழிகளைக் கொடுத்து 50 தடவை உருட்டச் சொல்லுங்கள். மொத்தம் 300 விழுகைகள். ஒவ்வொரு தடவையும் எத்தனை மல்லாந்தன என்று நோட்டில் குறிக்கட்டும். ஒரு பேச்சுக்கு 126 மல்லாந்தால் நிகழ்தகவு 126 / 300, அதாவது 0.42. இப்படிச் செய்து பார்த்துப் பெறுவதற்குப் பட்டறி நிகழ்தகவு என்று பெயர். பத்துத் தடவையோடு நிறுத்திவிட்டால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். போகப் போகத்தான் நிலைக்கும். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெர்ரிக் என்ற கணிதவியலாளர் ஒரு காசை 10,000 தடவை சுண்டி எண்ணினார். தலை விழுந்தது 5,067 தடவை.

மே மாதத்தில் நாளுக்கு அரை மணி நேரம், இரண்டு வாரம் போதும். பாதி நாள்கள் உங்கள் தையல் நோட்டுக்கு, மீதி தாயக்கட்டைக்கும் சோழிக்கும். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவள் உங்களுக்கு விளக்கட்டும். எங்கே வார்த்தை தடுமாறுகிறதோ அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் மறுபடி படிக்கட்டும். அப்போதும் பிடிபடாதது பள்ளி திறந்ததும் கணித ஆசிரியரிடம் கேட்க வேண்டியது. தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு கவலை மட்டும் எனக்கு உண்டு. புத்தகத்தின் கடைசியில் இருப்பதால் புள்ளியியல், நிகழ்தகவு என்ற இந்த இரண்டு பாடங்களும் ஆண்டின் இறுதியில், திருப்புதல் தேர்வுகளின் அவசரத்தில் மாட்டிக்கொள்கின்றன. நான் வேலை பார்த்த பள்ளிகளில் நிகழ்தகவை இரண்டே பாடவேளைகளில் முடித்ததைக் கண்டிருக்கிறேன்; அட்டவணை போட்டவர்களிடம் சண்டையும் போட்டிருக்கிறேன். உங்கள் மகளுக்கும் அப்படி நேரலாம். ஆகவே அந்த 16 கட்டச் சதுரமும் சோழிக் கணக்கும் உள்ள நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிப்ரவரியில் அந்தப் பாடத்துக்கு வரும்போது அவள் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான்.