கேள்வி-பதில்: பேட்டில் எடை கட்டிப் பழகலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி டீமில் பேட்டிங் ஆடுகிறான். எங்கள் தெருவில் கிரிக்கெட் தெரிந்த ஒருவர், "பேட்டில் எடை கட்டி தினமும் பழகட்டும், மேட்ச் அன்று அவன் பேட் இறகு மாதிரி இருக்கும்" என்கிறார். காலில் மணல் பை கட்டி ஓடவும் சொல்கிறார். செய்யலாமா ஐயா?
- ஒரு தந்தை, கரூர்

பதில்: இறகு மாதிரி இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அது வெறும் தோற்றம்தான். அமெரிக்க பேஸ்பால்காரர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது மட்டையில் கனமான வளையம் ஒன்றை மாட்டிச் சுழற்றுவார்கள். டோனட் என்பார்கள். இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். வளையத்தைக் கழற்றியதும் மட்டை லேசாகி வேகமாகச் சுற்றுவதாக ஆட்டக்காரருக்குப் படுகிறது. கருவியில் பார்த்தால் வேகம் கூடவில்லை, குறைந்தும் இருக்கிறது.

பன்னிரண்டு வயதுக் கைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கனம் தாங்காமல் கீழ்க்கை பேட்டை இழுக்கும். நேராக வர வேண்டிய பேட் குறுக்கே போகும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. நெட்டில் எத்தனையோ பையன்களிடம் பார்த்துவிட்டேன். "சச்சின் கனமான பேட்தானே வைத்திருந்தார்" என்று உங்கள் தெருக்காரர் கேட்பார். ஆமாம், ஆனால் நெட்டில் ஒரு கனம், மேட்ச்சில் ஒரு கனம் என்று அவர் மாற்றவில்லையே.

சச்சினிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 1998-ல் சேப்பாக்கம் டெஸ்டுக்கு முன்னால், லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச்சைக் கீறிவிட்டு, நம்ம லட்சுமண் சிவராமகிருஷ்ணனை அந்தக் கரடில் ரவுண்ட் த விக்கெட் லெக் ஸ்பின் போடச் சொல்லி ஆடினார். ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்னே எங்கே போடுவார் என்று தெரிந்து, அதே கஷ்டத்தை நெட்டில் உண்டாக்கினார். முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னேவிடமே அவுட் (கதை சொல்கிறவர்கள் இதைச் சட்டென்று தாண்டிவிடுவார்கள்). இரண்டாவதில் 155 நாட் அவுட்.

ஆஸ்திரேலியாவின் பெரிய பேட்ஸ்மேன் பிராட்மேன் சிறுவனாக பௌரல் ஊரில் கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் எறிந்து, கண்டபடி திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகினார். ஸ்டம்ப் பேட்டைவிட லேசு என்பதைக் கவனியுங்கள். கஷ்டம் கண்ணுக்கும் காலுக்கும்தான்; கையின் வேகத்தில் அது குறுக்கிடவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது: டென்னிஸ் பந்தை நனைத்து, சிமென்ட் தரையில் குத்தி எறியுங்கள். சறுக்கிக்கொண்டு சீக்கிரம் வரும். 22 கெஜத்துக்குப் பதில் 18 கெஜத்தில் நின்று எறியுங்கள். முதலில் நாலைந்து பந்து போல்டாவான், முகம் சுருங்கும், விடுங்கள். அண்டர்-ஆர்மில் போட்டு ஸ்டம்பால் தட்டவும் வைக்கலாம். இதெல்லாம் கொஞ்ச நேரம்தான். அதன் பிறகு அவன் பேட், சரியான தூரம், அதிலேயே பயிற்சியை முடியுங்கள். கிட்டே நின்று எறிய லெதர் பந்து வேண்டவே வேண்டாம்.

மணல் பை? கட்ட வேண்டாம். கணுக்காலில் எடை தொங்கினால் ஓட்டத்தின் நடையே மாறிவிடும். மேட்ச்சில் அவன் சுமக்கப்போவது கால் பேடு, கிளவுஸ், ஹெல்மெட், கையில் பேட். அத்தனையும் மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு ரன்னாக ஓடச் சொல்லுங்கள். திரும்பும்போது பேட்டைத் தரையில் தேய்த்து கிரீஸுக்குள் வைக்கிறானா என்று நீங்களே நின்று பாருங்கள். வைக்காவிட்டால் அந்த இரண்டு ரன்னும் கணக்கில் இல்லை, மறுபடி ஓடட்டும்.