பேச்சுக்கும் முறைத்தண்ணீர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபிசெட்டிபாளையத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை இருபது பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறோம். சென்ற மாதம் பேச்சு முற்றி, ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தால் முக்கால் மணி நேரம். மரியாதை கருதி யாரும் நிறுத்துவதில்லை. ஆகவே 17 விதிகள் எழுதி இணைத்திருக்கிறேன். ‘அனைவரும் பண்புடன் பேச வேண்டும்’, ‘அரசியல் பேசக் கூடாது’, ‘மீறுபவர் வாக்கெடுப்பு மூலம் நீக்கப்படுவார்’ ஆகியவை முக்கியமானவை. பார்த்துச் சொல்லுங்கள்.

ம., கோபி

அன்புள்ள தம்பிக்கு,

பதினேழையும் படித்தேன். கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளைப் படித்த களைப்பு வந்தது.

பண்பை யார் அளப்பது? இளையவன் குரல் கொஞ்சம் உயர்ந்தால் அந்த விதியைக் காட்டி உட்கார வைப்பார்கள். முக்கால் மணி நேரம் பேசுகிறவரோ மிகவும் பண்பாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். கடிகாரம் அளக்கக்கூடியதற்கு மட்டும் விதி எழுதுங்கள்.

என் ஊர் கீழ்பவானிக் கால்வாயின் கடைமடைப் பக்கம். அதன் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 2,07,000 ஏக்கர்; அத்தனைக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் எட்டாது. ஆகவே ஒரு பருவத்துக்கு ஒற்றைப்படை மதகு, அடுத்த பருவத்துக்கு இரட்டைப்படை மதகு என்று பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அதுதான் முறைத்தண்ணீர். மதகுக்கு எண் போட்டவர்கள் ‘விவசாயிகள் பெருந்தன்மையோடு நடந்துகொள்ள வேண்டும்’ என்று எழுதி வைக்கவில்லை. அப்படியும் ராத்திரியில் மடையைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் முறை என்று ஒன்று இருப்பதால் அது திருட்டு என்பது திறப்பவருக்கே தெரியும். உங்கள் தலைமையாசிரியருக்கு அது தெரிய வழியில்லை. அவருக்கு யாரும் முறை சொல்லவில்லையே.

ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், நடத்தத் தெரியாமல் தவித்தார். அந்த வெட்கத்தில் தேடிப் படித்து, 1876இல் கூட்ட நடைமுறைக்கு ஒரு கையேடு வெளியிட்டார். இன்றைக்கு அது தலையணை அளவுக்குப் பெருத்துவிட்டது. உங்களுக்கு அதிலிருந்து இரண்டு போதும். இன்னும் பேசாத ஒருவர் கை தூக்கியிருந்தால், ஏற்கெனவே பேசியவர் காத்திருக்க வேண்டும். மறுத்துப் பேசுகிறவர் எதிராளியிடம் பேசாமல், கூட்டத்தை நடத்துகிறவரை நோக்கிப் பேச வேண்டும். இரண்டாவது அற்பமாகத் தோன்றும். ஆனால் நாற்காலியைத் தள்ளியவர் எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்துத்தானே தள்ளியிருப்பார்?

இவற்றோடு ஆளுக்கு ஏழு நிமிடம் என்று வையுங்கள். அது முதலில் உங்களுக்குத்தான். திருப்பூரில் நான் இப்படி ஒரு கூட்டம் நடத்திய காலத்தில் ஐந்து நிமிட விதியை எழுதியவனும் நான்தான், அரை மணி நேரம் பேசியவனும் நான்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒரு பெண், இரண்டு பக்கம் குறிப்பெழுதி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் முடிக்கிற வழியாக இல்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காகிதத்தை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கும் பை ஓரத்துக்கும் நடுவே செருகினாள். ஓசைப்படாமல் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த மாதம் வரவில்லை. அந்த நாவலைப் பற்றி நான் சொன்னது எதுவும் இப்போது எனக்கு நினைவில்லை.

அரசியல் பேசக் கூடாது என்பதை அடித்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு நல்ல நாவல் எதையும் பேச முடியாது. நம் பக்கத்துக்குத் தேவைப்படும் தடை வேறு. புதிதாக வருகிறவரிடம் டீ குடிக்கும்போது ‘எந்த ஊர்?’ என்பார்கள், பிறகு ‘ஊருக்குள் எந்தப் பக்கம்?’ என்பார்கள். சிலர் நேராகவே ‘என்ன கூட்டம்?’ என்று சாதிக்குள் குலத்தையே கேட்பார்கள். கேட்பவர் சிரித்துக்கொண்டுதான் கேட்பார். கேட்கப்பட்டவருக்கு அதன்பின் வாய் திறக்காது. முதல் கேள்வியோடு நிற்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். டீ நேரத்துக்கும் சேர்த்து.

வாக்கெடுப்பு வேண்டவே வேண்டாம். இருபது பேரில் பாதிப்பேர் அடுத்த முகூர்த்தத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். கை தூக்கி ஒருவரை வெளியேற்றினால் அது மானப் பிரச்சினையாகி ஊர் இரண்டாகும். மீறியவரை மறுநாள் நீங்கள் ஒருவரே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் மீறினால் ஒரு மாதம் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். போன நாற்காலிக்காரரையும் இப்படியே அழைத்துப் பாருங்கள்; அவர் காத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. பதினேழு விதிகளில் கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று எங்கேயும் இல்லை. சத்தியமங்கலம், அந்தியூர் பக்கமிருந்து வருகிறவர்களிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதை முதல் வரியாக எழுதி அனுப்புங்கள். மீதியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.