வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குப் படிக்கலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 29. சாட்ஸ்வொர்த்தில் அரசுப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா காலமான பிறகு வீட்டுக்கடன் தவணை, அம்மாவின் நீரிழிவு மருத்துவம், தம்பியின் தொழில்நுட்பக் கல்லூரிச் செலவு எல்லாம் என் சம்பளத்தில்தான் நடக்கின்றன. என் முதுகலை ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர், தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகை பெற்று முழுநேரமாக முனைவர் பட்டம் செய்யச் சொல்கிறார். 32 வயதுக்கு மேல் அது கிடைக்காதாம். வேலையை விட்டுவிடலாமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.
– ஒரு வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அன்புத் தங்கைக்கு, வேலையை இப்போது விட வேண்டாம், பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை என்பதால், அதற்கும் உங்கள் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி சமாளிக்கக் கூடியதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் சம்பளச் சீட்டில் நாம் அதிகம் கவனிக்காத இரண்டு விவரங்கள் உண்டு. அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தில் அம்மாவை உங்களைச் சார்ந்தவராகச் சேர்த்திருந்தால், நீங்கள் விலகியதும் அரசு செலுத்தும் பங்கு நின்றுவிடும். நாட்பட்ட நோய்ப் பட்டியலில் நீரிழிவு இருப்பதால் இன்று அத்திட்டம் ஏற்கும் இன்சுலின் செலவு நாளை உங்கள் தலையில் விழும். மற்றொன்று ஓய்வூதிய நிதி. விலகியதும் அதை எடுத்துக் கடனை அடைத்துவிடலாம் என்று நம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வரி போகக் கைக்கு வந்த பணம் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. மேலும், நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ஆசிரியப் பணிக்குக் காத்திருப்போர் ஏராளமாக இருக்கையில், விட்ட இடம் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று எண்ண முடியாது.

32 என்ற வரம்பு அந்த உதவித்தொகைக்கு உரியதே தவிர, பட்டத்துக்கு உரியதன்று. முழுநேர வேலையில் இருப்பவருக்கு அந்த உதவித்தொகை கிடைக்காது. படிப்பைப் பாதியில் நிறுத்தினால் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் செய்வார்கள். குடும்பப் பாரம் சுமப்பவர் இதை மறந்துவிடக் கூடாது.

நீங்கள் கணித ஆசிரியை என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். நம் நாட்டில் முனைவர் பட்டத்துக்கு 360 தகுதிப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 10 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். மொத்தம் 3,600 மணி நேரம். வாரத்துக்கு 15 மணி நேரம் வீதம் 48 வாரங்கள் உழைத்தால் ஆண்டுக்கு 720 மணி நேரமாகும். ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். டிசம்பர் விடுமுறையையும் ஜூலைக் குளிர்கால விடுமுறையையும் எழுதுவதற்கென்றே ஒதுக்கிவிட்டால், தேர்வுத்தாள் திருத்தும் வாரங்களில் விடுபடும் மணி நேரங்களை ஈடுகட்டலாம்.

தலைப்பை உங்கள் அன்றாட வேலைக்கு அருகிலேயே தேடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னங்களில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நாள்தோறும் பார்க்கும் உங்களுக்கு, ஆய்வுக்களம் பள்ளிக்கூடமே. ஆனால் நீங்கள் மதிப்பெண் இடும் மாணவர்களையே ஆய்வுக்கு உட்படுத்தினால், விருப்பமில்லாத பிள்ளையும் மறுக்கத் தயங்கும். ஆகவே வேறொரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதலையும் மாகாணக் கல்வித் துறையின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

பேராசிரியரிடம் இன்னொன்றையும் விசாரியுங்கள். உயர்கல்வித் துறை 2015-இல் தொடங்கிய புதிய தலைமுறைக் கல்வியாளர் திட்டத்தில், விரிவுரையாளராக நிரந்தரப் பணியில் சேர்ந்து, குறைந்த கற்பித்தல் சுமையுடன் சம்பளம் பெற்றுக்கொண்டே முனைவர் பட்டத்தை முடிக்கலாம். இடங்கள் குறைவுதான், ஆயினும் உங்கள் நிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. அப்படி ஓர் இடம் கையில் கிடைத்தால், அப்போது பள்ளி வேலையை விடுங்கள்.

அம்மாவிடம் சொல்லாதிருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலை பார்த்துக்கொண்டே நான் ஆய்வு செய்தபோது, முதல் ஆண்டு முழுவதும் வீட்டில் மறைத்தேன். நள்ளிரவில் விளக்கு எரிவதைக் கண்ட என் அம்மா, நான் கடனில் சிக்கிவிட்டதாக எண்ணித் தம் வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றுதான் உண்மையைச் சொன்னேன். பிறகு மின்வெட்டு இரவுகளில் அவசர விளக்கைத் தாமே ஏற்றிவைத்து, எதிரில் அமர்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருப்பார். பதிவுப் படிவத்தை நிரப்புவதற்கு முன் அம்மாவையும் தம்பியையும் உட்கார வைத்து, அந்த 15 மணி நேரம் வாரத்தில் எந்தெந்த மாலைகளில் வரும், அன்று சமையல் யார் பொறுப்பு என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள்.