காரில் வயரிங் கருகினால் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: காரில் கூடுதலாகப் பனிவிளக்கு பொருத்தினேன். நான்கே மாதத்தில் பானெட்டுக்குள் வயரிங் கருகிவிட்டது. வயர் இணைப்புகளைக் கிரிம்ப் செய்யாமல் (உலோகக் குழலில் நுழைத்து அழுத்தி இணைக்காமல்) சால்டர் வைத்ததால் (உருக்கிய ஈயத்தால் பற்றவைத்ததால்) வாரன்ட்டி கிடையாது என்கிறது சர்வீஸ் சென்டர். சால்டர்தான் உறுதி என்கிறார் பொருத்திய கடைக்காரர். யார் மீது வழக்குப் போடுவது?

பதில்: கருகிய வயரைத் தூக்கிப்போட விட்டுவிடாதீர்கள், உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. ஃபியூஸின் ஆம்பியர் எண்ணும் ஒவ்வோர் இணைப்பும் தெரியும்படி படமெடுங்கள். மாற்றியே ஆகவேண்டுமென்றால், இருபுறமும் ஒரு சாண் நல்ல வயரோடு வெட்டி, உறையிலிட்டு, இரு தரப்புக் கையெழுத்துடன் சீல் வையுங்கள்.

சால்டர் வைத்தது மட்டுமே குறைபாடு ஆகாது. உருகிய சால்டர் மென் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும். அந்த விறைப்பு முடியும் இடத்தில், எஞ்சின் அதிர்வில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். வாகனங்களில் கிரிம்பிங்கை விரும்புவது இதனால்தான். ஆனால் இருபுறமும் கிளிப்பில் பிடித்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய் உறை) போட்டிருந்தால் சால்டரும் தாங்கும். வெறும் பிளையரால் நசுக்கிய கிரிம்ப் அதைவிட ஆபத்தானது: பிடி தளர்ந்து, மின்தடை கூடி, அங்கேயே சூடேறும். ஆக, எந்த முறை என்பதைவிட எப்படிச் செய்தார்கள் என்பதே கேள்வி.

'சால்டர் உருகியிருக்கிறதே, அதுதான் காரணம்' என்று சர்வீஸ் சென்டரின் வாதம் வரும். வழக்கமான ஈய சால்டர் சுமார் 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். எந்தக் காரணத்தால் தீப்பிடித்தாலும் உருகத்தான் செய்யும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். செம்பு இழைமுனை மணிபோல் உருண்டிருந்தால் அங்கே மின்பொறி பறந்திருக்க வாய்ப்புண்டு. அந்த இடத்தை நிபுணர் அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள். பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இல்லாவிட்டாலோ, வயர் தாங்காத அளவுக்குப் பெரிய ஃபியூஸ் இருந்தாலோ, கடைக்காரரின் வாதம் பெரிதும் பலவீனமாகும்.

வாரன்ட்டி மறுப்பைக் காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். விளக்கின் வயரிங்கால் வந்த சேதத்துக்கு அவர்கள் மறுக்கலாம். அதற்குத் தொடர்பில்லாத பாகங்களுக்கும் சேர்த்து மறுத்தால் அதை எதிர்க்கலாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம். கடைக்காரர், சர்வீஸ் சென்டர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்; ஒருவரை விட்டால் மற்றவர் பழியை அங்கே தள்ளிவிடுவார். ஆய்வகச் சோதனை கோரும் மனுவை 38-ஆம் பிரிவின் கீழ் உடனே கொடுங்கள். கால வரம்பு 2 ஆண்டு. வண்டியை எடுக்கும்போது நீட்டும் 'வேலை திருப்தி' தாளில் 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.