கிராம சபைத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊரில் கிராம சபை தவறாமல் கூடுகிறது; தீர்மானமும் நிறைவேறுகிறது. ஆனால் எந்தத் தெருவுக்குச் சிமென்ட் சாலை என்பதை ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர்தான் முடிவு செய்கிறார். பிறகு நாங்கள் எதற்காகப் போய் உட்கார வேண்டும்? – திருச்சி மாவட்ட வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அவருக்கு அந்த அதிகாரம் எந்தச் சந்தில் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊராட்சித் தலைவர் கட்சிச் சின்னம் இல்லாமல் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஒன்றியக் குழு உறுப்பினரோ கட்சிச் சின்னத்தில் வருகிறார். பெரிய பணிகளுக்கான டெண்டர் ஒன்றிய அலுவலகம் வழியாகப் போவதால், கட்சியில்லாத தலைவர் கட்சிக்காரர்களின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது.

நம் மாநிலத்து அனுபவம் ஒன்று இதில் உதவும். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்ச ரூபாய் என்று ஒதுக்கியது. இரண்டு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் இருபது உள்ள ஊராட்சிக்கும் ஒரே தொகைதான். 2011இல் ஆட்சி மாறியபின் வந்த ‘தாய்’ திட்டம் குக்கிராமங்களின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2021க்குப் பின் பழைய பெயரே ‘இரண்டு’ என்ற எண்ணோடு திரும்பியது. (ஆட்சிக்கு ஆட்சி பெயர்ப்பலகை மாறுவதில் பெயின்டருக்கு மட்டும் வேலை குறைவதில்லை.) பெயர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், எழுதிவைத்த கணக்கு வந்ததும் எந்த ஊருக்கு எவ்வளவு என்பதில் சலுகை காட்டும் இடம் சுருங்கியது தெரியும். ஊருக்குள் எந்தத் தெரு என்ற கேள்விக்குத்தான் எழுதிவைத்த கணக்கு இல்லை. உங்கள் ஒன்றியச் செயலாளர் அங்கேதான் நுழைகிறார்.

ஆகவே ‘சாலை வேண்டும்’ என்று தீர்மானம் போடாதீர்கள். முதலில் எந்தத் தெரு, அடுத்து எது, என்ன காரணம் என்று வரிசைப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். வரிசையை மீறிப் பணி நடந்தால் காரணம் கேட்க அப்போதுதான் பிடி கிடைக்கும். பணத்தின் மீது கிராம சபைக்கு நேரடிக் கட்டுப்பாடு குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: முப்பது பேர்தான் வருகிறார்கள். மீதிக் கையெழுத்தை நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் வாங்கிவிடுகிறார்கள். இது சரியா? – தஞ்சை மாவட்ட வாசகர்

பதில்: சரியல்ல. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை. அதை எட்டுவதற்காகவே இந்தக் குறுக்குவழி. வேலைக்கு வந்தவர்கள் கையெழுத்துக்கு மட்டும் பயன்படுவதுதான் இதில் வேதனை. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அந்தப் பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும், அதாவது ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கிராம சபைக்கே அளித்தது. அதற்கு முன்னோடி ராஜஸ்தான். அங்கே 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் தொடங்கிய மக்கள் விசாரணைகளில், கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளிவந்தது. வாசித்தவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் கூலிக்காரர்களே. உங்கள் ஊரிலும் கையெழுத்துப் போடும் முன் பட்டியலை வாசிக்கக் கேளுங்கள்.

கேள்வி: ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் கிராம சபை உண்டா? – சேலம் மாவட்ட வாசகர்

பதில்: உண்டு. அரசியல் சட்டத்தின்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள் அனைவரும் சேர்ந்ததுதான் கிராம சபை. மன்றம் கலைந்தாலும் அது கலைவதில்லை. 2016 முதல் 2019 வரை தேர்தலே நடக்காத காலத்திலும் கூட்டங்கள் நடந்தன. தனி அலுவலர் கூட்டத்தில் பழைய தீர்மானங்களின் நிலையை முதலில் கேளுங்கள். நகல் தர மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம்.