பார்ட் ஃப்ரீ, கூலன்ட்டுக்கு காசா?

கேள்வி: அண்ணா, எங்க கார் வாங்கி ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் ஆகுது, 24,000 கிலோமீட்டர் தான் ஓடிருக்கு, மூணு வருஷ வாரண்டி. போன மாசம் டெம்பரேச்சர் முள்ளு ஏறுதுன்னு சர்வீஸ் சென்டர்ல விட்டோம். வாட்டர் பம்ப் லீக்காம், வாரண்டில மாத்திட்டாங்க. ஆனா பில்லுல கூலன்ட் 1,900, லேபர் 2,400, கன்ஸ்யூமபிள்ஸ் 850னு மொத்தம் 5,150 வாங்கிட்டாங்க. கேட்டா "வாரண்டி பார்ட்ஸ்க்கு மட்டும் தான் மேடம்"ங்கிறாங்க. 11 நாள் வண்டி அங்கயே நின்னுச்சு, வீட்டுக்கு கொண்டு வந்து பாத்தா பின் பம்பர்ல புது கீறல் வேற, அது முன்னாடியே இருந்துச்சுன்னு சாதிக்கிறாங்க. இதெல்லாம் சரியா? (வாசகி, நாமக்கல்)

பதில்: சரியே இல்ல தங்கச்சி. படிக்கும்போதே கோவமா வந்துச்சு. பம்ப்ப டப்பால போட்டு கையில குடுத்தா நீங்களே வீட்டுல உக்காந்து மாட்டிக்குவீங்களா என்ன? மாட்டுற கூலியும் சேந்தது தான் வாரண்டி, உங்க வாரண்டி புக்கை எடுத்து பாருங்க, பழுதான பாகத்த ரிப்பேர் பண்ணியோ மாத்தியோ இலவசமா குடுப்போம்னு தான் பொதுவா எழுதிருப்பாங்க, அந்த இலவசத்துக்குள்ள லேபர் அடங்கிடுது.

அடுத்து கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்டை தணிக்க உள்ள ஓடுற திரவம். இதுல தான் நெறய பேர் ஏமாறுறாங்க. ஆயில், கூலன்ட், ஃபில்டர் இதெல்லாம் வாரண்டில வராதுன்னு புக்குல இருக்கும், உண்மை தான், பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் மாதிரி தேயுற சாமானும் அப்படித்தான். ஆனா அது வழக்கமான சர்வீஸ்க்கு சொன்னது. வாட்டர் பம்ப்ப கழட்டணும்னா கூலன்ட்ட இறக்கித்தான் ஆகணும், வேற வழியே கிடையாது, நல்லா இருந்த கூலன்ட் போனது அவங்க பம்ப் கெட்டதால, அப்போ அதை திருப்பி ஊத்திக் குடுக்க வேண்டியதும் அவங்க பொறுப்பு தானே. வாரண்டி ரிப்பேர்க்கு தேவைப்படுற ஆயிலும் கூலன்ட்டும் சேரும்னு சில கம்பெனி புக்லயே வெளிப்படையா போட்டிருக்கும், அந்த வரி உங்க புக்ல இருந்தா போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஒருவேளை கூலன்ட் மாத்துற கெடு எப்படியும் வந்திருந்துச்சுன்னா அவங்க கேட்டதுல கொஞ்சம் அர்த்தம் இருக்கு, சர்வீஸ் அட்டவணைய ஒரு தடவை சரிபாத்துக்கோங்க. கன்ஸ்யூமபிள்ஸ், அதாவது வேலைல செலவாகித் தீர்ற சில்லறை சாமான், 850க்கு என்னென்னன்னு ஐட்டம் வாரியா எழுதிக் கேளுங்க.

இன்னொன்னு, 2023 ஜூலைல வாரண்டி ரிப்பேர் பத்தி ஒரு ஜிஎஸ்டி சுற்றறிக்கை வந்துச்சு. வாரண்டி காலத்துல மாத்துற பார்ட்ஸ், செய்ற ரிப்பேர் இதுக்கான செலவு பொருளை வித்தப்பவே விலைக்குள்ள சேந்துடுச்சு, அதனால வாடிக்கையாளர் கிட்ட தனியா காசு வாங்காத வரைக்கும் தனியா ஜிஎஸ்டியும் கிடையாதுங்கிறது தான் அதோட சாரம். அதாவது ஷோரூம்ல கட்டின பணத்துலயே இந்த பம்ப் வேலைக்கும் நீங்க குடுத்தாச்சு. உங்க பில்லுல 5,150க்கு ஜிஎஸ்டி போட்டிருக்காங்களான்னு பாருங்க, போட்டிருந்தா வாரண்டி வேலைக்கு உங்க கிட்ட தனி காசு வாங்கினதுக்கு அதுவே அத்தாட்சி.

கீறல் விஷயம் வாரண்டில வராது, ஆனா அதை விட பழைய சட்டம் உங்க பக்கம் இருக்கு. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 151வது பிரிவுப்படி, ஒருத்தர் நம்பி விட்டுட்டு போன பொருளை தன் சொந்த பொருள் மாதிரி கவனமா பாத்துக்கணும். சாவிய வாங்கினதுல இருந்து திருப்பி குடுக்குற வரைக்கும் வண்டி அவங்க கஸ்டடி, டெஸ்ட் டிரைவ்ல இடிச்சாலும் யார்டுல உரசினாலும் அவங்க தான் சரி பண்ணித் தரணும், உங்க இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் போட சொன்னா ஒத்துக்காதீங்க, க்ளெய்ம் போடாம இருந்தா பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி, அந்த நோ க்ளெய்ம் போனஸ் போயிடும். வண்டி விட்டப்போ போட்ட ஜாப் கார்டுல கீறல் குறிச்சிருக்கான்னு பாருங்க. குறிக்கலன்னா உங்க வாதம் பலமாகுது. இனிமே சாவிய குடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய சுத்தி ஒரு நிமிஷம் வீடியோ, மீட்டர் ரீடிங்கோட, கட்டாயம் எடுங்க.

11 நாளுக்கு டாக்ஸி செலவு தர மாட்டோம்னு புக்லயே எழுதிருப்பாங்க, ஆனா அத்தனை நாள் ஏன் ஆச்சுன்னு எழுத்துல பதில் கேளுங்க, சேவைக் குறைபாடுன்னு காட்ட அது உதவும்.

முதல்ல டீலருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் ஒரே மெயில் போடுங்க, பில், ஜாப் கார்டு, போட்டோ எல்லாம் சேத்து. அசையலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க. அப்பவும் நடக்கலன்னா நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், டீலர் எந்த ஊரா இருந்தாலும் பரவால்ல, வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

கேள்வி: வெளிய மெக்கானிக் கிட்ட ஆயில் மாத்தினா மொத்த வாரண்டியும் போயிடும்னு அட்வைசர் சொல்றார், நிஜமா சார்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மொத்தமா போகாது. 2014 ஆகஸ்ட்ல இந்திய போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல அபராதம் போட்ட உத்தரவுலயே இது இருக்கு, வெளிய வேலை பாத்தாங்கிற ஒரே காரணத்துக்காக வாரண்டிய ஒட்டுமொத்தமா ரத்து பண்ணக் கூடாது, அந்த வெளி வேலையால எது கெட்டுச்சோ அதுக்கு மட்டும் மறுக்கலாம்னு. கம்பெனிங்க அப்பீல் போனாங்க, அது வேற கதை. ஆனா தம்பி, வாரண்டி முடியுற வரைக்கும் ஆயில் சர்வீஸ டீலர் கிட்டயே பண்றது தான் எனக்கு சரின்னு படுது, எஞ்சின்ல ஏதாவது வந்தா வீண் வாக்குவாதம் மிஞ்சும். வெளிய தான் பண்ணுவேன்னா புக்ல சொன்ன கிரேடு ஆயிலையே ஊத்துங்க, கிரேடு, தேதி, கிலோமீட்டர் மூணும் எழுதின பில்லு இல்லாம அங்கிருந்து கிளம்பாதீங்க.