அம்மையை மியூசியத்துக்குக் கூட்டிப் போனால் சரியாகுமா?

களியக்காவிளைப் பக்கமிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அப்பா தவறி எட்டு மாசம் ஆகுது. அம்மைக்கு 72 வயசு, முட்டுவலி வேற. பனையோலையில கடவப் பெட்டி முடைஞ்ச கை, இப்போ சும்மா மடியில கிடக்குது. எது கேட்டாலும் ஒத்த வார்த்தையில பதில். வெளிநாட்டுல டாக்டர்களே மியூசியம் போகச் சொல்லிச் சீட்டு எழுதுறாங்கன்னு தம்பி சொல்றான். திருவனந்தபுரம் மியூசியத்துக்குக் கூட்டிப் போகவா, இல்ல பத்மநாபபுரம் அரண்மனை போதுமா?"

தம்பி சொன்னது சரிதான். கனடாவில் பிரெஞ்சு பேசும் மருத்துவர்களின் சங்கமும் மாண்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகமும் சேர்ந்து 2018 நவம்பரில் இதைத் தொடங்கின. சீட்டைக் காட்டினால் நோயாளி மட்டுமல்ல, கூட வரும் வீட்டாரும் இலவசமாக உள்ளே போக முடிந்தது. எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதி. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் மறதிநோய் உள்ளவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துத்தான் ஓவியம் பார்க்க வைத்தது.

ஆனால் மியூசியம் போய்வருவது வேறு, கலைச் சிகிச்சை வேறு. பயிற்சி பெற்ற ஒருவர் வாரக்கணக்கில் கூடவே இருந்து, வரையவோ களிமண் பிசையவோ வைத்து, அப்போது மனதில் எழுவதைப் பேச இடம் கொடுப்பதுதான் சிகிச்சை. ஆங்கிலத்தில் அதற்கு 1942-இல் பெயர் வைத்த ஏட்ரியன் ஹில், காசநோய் விடுதியில் படுத்தபடியே படம் வரைந்து நாளைத் தள்ளிய ஓவியர். நீங்கள் செய்யப்போவது அதன் நிழலில் ஒரு சின்ன வேலை, அவ்வளவே.

அதற்கும் முன் ஒன்றைப் பாருங்கள். அம்மை சாப்பிடுகிறாரா, உறங்குகிறாரா? "நானும் போய்ச் சேர்ந்தா நல்லது" என்று சொல்கிறாரா? சொன்னால் மியூசியம் இருக்கட்டும், முதலில் மனநல மருத்துவர். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெயர்கள் மறக்கிறது, வழி தடுமாறுகிறது என்றாலும் பரிசோதனைதான் முதலில்.

அப்படியெல்லாம் இல்லை என்றால், என் ஓட்டு பத்மநாபபுரத்துக்கு. திருவனந்தபுரத்தின் நேப்பியர் மியூசியம் அழகான கட்டிடம், 1880-இல் முடிந்தது, சுற்றிலும் தோட்டம், அதே வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்கள். அங்கே இரண்டாவது முறை போகலாம். தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பதோ அம்மையின் கை அறிந்த பொருள்கள். பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் தொங்கும் குதிரை விளக்கு, அதன் மரக்கூரையில் செதுக்கிய 90 விதப் பூக்கள், ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் ஊறுகாய்ச் சாடிகள். செங்குத்தான மரப்படிகள் முட்டுக்கு ஆகாது. ஏறவே வேண்டாம், பூமுகத்தோடு திரும்பினாலும் நட்டமில்லை. திங்கள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா பஸ் கூட்டம் பின்னாலிருந்து தள்ளும், அதனால் வார நடுவில் காலையிலேயே போங்கள்.

முழுவதும் சுற்றிக்காட்ட நினைக்காதீர்கள். நம்மாட்கள் டிக்கெட் காசுக்கு எல்லா அறையையும் பார்த்தே தீருவார்கள்! இரண்டு பொருள் போதும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். எந்த ராஜா, எந்த வருஷம் என்று வாசித்துக் காட்ட வேண்டாம். "நல்லாருக்கா?" என்றும் கேட்காதீர்கள், "ம்" என்று முடிந்துவிடும். "இந்தச் சாடியில எத்தனை மாங்கா கொள்ளும்?", "நம்ம வீட்டுப் பரணில கிடந்தது இவ்வளவு பெருசா இருந்துச்சா?" என்று அவருக்குத் தெரிந்ததை, உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களும் சும்மா நில்லுங்கள். அப்பா நினைவு வந்து அழுதால் பேச்சை மாற்றி இழுத்துக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் இருங்கள். "போவோம்" என்றால் உடனே கிளம்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்தான் பாதி வேலை. பார்த்தது கைக்கு இறங்க வேண்டும். பென்சிலும் நோட்டும் வாங்கிக் கொடுத்து வரையச் சொன்னால் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஆகிவிடும். ஒரு கட்டுப் பனையோலையை வாட்டி, ஈர்க்கு நீக்கித் திண்ணையில் வையுங்கள். அவரைக் கூப்பிட வேண்டாம். நீங்களே உட்கார்ந்து, உங்களுக்கு வருகிற கோணலில் முடையத் தொடங்குங்கள். பார்க்கப் பொறுக்காமல் அவர் கையிலிருந்து பிடுங்கினால், கொடுத்துவிட்டு டீ போடப் போங்கள்.